சுரண்டுவதற்கு முன்: பழைய நிலை, கதவு, ஜன்னல் சட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய வீடு. நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் கருத்துப்போய், கைபடும் இடமெல்லாம் பிசுபிசுவென்று இருக்கின்றன. மேலே இருப்பது வார்னிஷா, பாலிஷா என்றே தெரியவில்லை. முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் ஒரே வழியா?

பதில்: அவசரப்படாதீர்கள். கருப்பாகத் தெரிவதில் பாதிக்கு மேல் அழுக்காக இருக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துகொண்டு துடையுங்கள். தண்ணீர் மரத்தில் வழியக் கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கும் போகாத பிசுக்கை மினரல் டர்பன்டைன் நனைத்த துணி எடுத்துவிடும். துணியில் மஞ்சளும் பழுப்புமாக வந்தால் அது பழைய மெழுகு. ஆண்டுக்கணக்கில் மெழுகுக்கு மேல் மெழுகாகப் பூசி, ஒவ்வொரு பூச்சிலும் தூசியைப் பூட்டிவைத்திருப்பார்கள்.

அழுக்கு போன பிறகு பூச்சு எது என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நிலையின் மேற்சட்டத்து மேல்விளிம்பு, கீலுக்குப் பின்பக்கம் போன்ற இடங்கள் தோதானவை. பஞ்சில் ஸ்பிரிட் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) தொட்டு அங்கே அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி விரலில் ஒட்டினால் அது அவலரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் கரையாமல், தின்னர் பட்ட இடம் மட்டும் சுருங்கிக் கொப்புளித்தால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பாலியூரித்தேன்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அவலரக்கும் லாக்கரும் எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அதனதன் கரைப்பானில் மறுபடி கரையும். மேற்பரப்பு முதலைத்தோல் மாதிரி வெடித்திருந்தால்கூடச் சுரண்ட வேண்டியதில்லை. அவலரக்கு என்றால் நல்ல தூரிகையில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஓரடி நீளத்துக்கு ஓரடியாக, பழைய பூச்சு இளகி ஓடி வெடிப்புகளை நிரப்பும்வரை தேயுங்கள். பிறகு மர ரேகையின் போக்கில் ஒரே இழுப்பாக இழுத்து விட்டுவிடுங்கள். இளகிய பரப்பில் இரண்டாவது முறை தூரிகை வைத்தால் உழுத நிலம்தான். ஒரு நாள் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் மெல்ல ஒரு தேய்ப்பு, மேலே மெல்லிசாக ஒரு கோட் புதுப் பாலிஷ். பழைய நிறம் அப்படியே இருக்கும். அந்த நிறத்தைக் காலம் கொடுத்திருக்கிறது. மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் டப்பாவில் அது கிடைக்காது.

வார்னிஷாக இருந்து, உரியாமல் ஒட்டியிருந்தால் அதையும் எடுக்கத் தேவையில்லை. பளபளப்பு போகும்வரை 220-ல் தேய்த்து, தூசி துடைத்து, மேலே ஒரு கோட் போதும். ஒட்டியிருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் கூரிய கத்தியால் சிறு கட்டங்களாகக் கீறி, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால்தான் சுரண்டும் வேலை.

கைப்பிடியைச் சுற்றியுள்ள பிசுபிசுப்பு மட்டும் வேறு கதை. கைகளின் எண்ணெயும் வியர்வையும் ஊறி அந்த இடத்தில் பூச்சே மெத்தென்று ஆகியிருக்கும். அதன்மேல் எதை அடித்தாலும் காயாது. அந்தப் பகுதியை மட்டும் மரம் தெரியும்வரை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

கேள்வி: எங்கள் ஜன்னல்களில் ஐந்தாறு அடுக்கு பெயிண்ட் இருக்கிறது. உள்ளே நல்ல மரம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெயிண்ட்டை எடுத்துவிட்டு மரம் தெரியும்படி பாலிஷ் போட ஆசை. எந்த முறை நல்லது?

பதில்: முறைக்கு முன் ஈயம். பழைய எண்ணெய் பெயிண்ட்டில், அதிலும் வெள்ளை, மஞ்சள், பச்சை நிறங்களில், ஈயம் சர்வசாதாரணமாகக் கலந்திருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் அதை 1978-ல் தடுத்தார்கள். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். எனவே அடியில் இருக்கும் அடுக்குகளில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமானால் எல்லா அடுக்கும் சேர்ந்த ஒரு சில்லை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஈயம் உள்ள பெயிண்ட்டை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. தூசி கண்ணுக்குத் தெரியாமல் பரவித் தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். அறையில் தடித்த பாலித்தீன் விரித்து, கதவிடுக்குகளை டேப் போட்டு அடைத்து, நீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் பயன்படாது; நுண்துகளைத் தடுக்கும் ஃபில்டர் பொருத்திய மாஸ்க் வேண்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம், பிறகு ஈரத்துணி. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடியும்வரை அந்தப் பக்கமே வரக்கூடாது.

அடுத்தது, மரத்தைத் திறந்து காட்டுவது வேலைக்கு ஆகுமா என்று சோதிப்பது. உள்ளங்கை அளவு இடத்தில் பெயிண்ட்டை முழுவதுமாக எடுத்துப் பாருங்கள். முதல் பெயிண்ட்டுக்கு அடியில் வார்னிஷோ பாலிஷோ இருந்திருந்தால், அது மரத்தின் நுண்துளைகளை முன்பே அடைத்திருக்கும். பெயிண்ட் சுத்தமாகக் கழன்று வரும். வெறும் மரத்தின்மேல் நேராகப் பெயிண்ட் அடித்திருந்தால், நிறமி துளைகளுக்குள் இறங்கி, எவ்வளவு தேய்த்தாலும் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். அப்படித் தெரிந்தால் ஆசையை விட்டுவிட்டு, மேற்பரப்பைச் சமன்செய்து மறுபடி நல்ல பெயிண்ட்டே அடியுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. மட்டமான மரத்துக்குத்தான் முதல் நாளிலிருந்தே பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்பதும் பல சமயம் உண்மை.

சோதனையில் மரம் நன்றாகத் தெரிந்தால், தட்டையான பரப்புக்கு ஹீட் கன், வளைவு நெளிவுகளுக்கு ரசாயன ரிமூவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஹீட் கன்னை 300 முதல் 350 டிகிரி செல்சியஸில் வைத்தாலே பெயிண்ட் கொப்புளித்து எழும்பும். அதற்கு மேல் ஏற்ற ஏற்ற ஈயப் புகைக்கு வழிவிடுகிறீர்கள். சுமார் 590 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதியே இருக்கிறது. மரத்திலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தி, கொப்புளித்த கணமே பட்டித் தகட்டால் தள்ளுங்கள். கண்ணாடி அருகே வேண்டாம், விரிசல் விடும். ஊதுவிளக்குத் தீயை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொண்டுவராதீர்கள். நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பழைய தூசியில் பொறி விழுந்து, கங்காகக் கிடந்து, எல்லாரும் போன பிறகு பற்றிக்கொள்ளும். ஹீட் கன்னிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. அதனால் வேலையை மாலைக்கு முன்பே நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ரிமூவர் வாங்கும்போது டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் வாங்காதீர்கள். மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. பென்சைல் ஆல்கஹால் வகை மெதுவாக வேலை செய்யும், ஆனால் வேலை செய்யும். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரே திசையில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிடுங்கள். டப்பாவில் சொல்லியிருக்கும் நேரத்துக்கு முன்பே பொறுமை இழந்து சுரண்டுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. காய்ந்துபோனாலும் வீண், அதற்காகத்தான் போர்வை. பள்ளங்களில் உள்ளதை எடுக்க, முனையைச் சீவிய மூங்கில் குச்சியும் பழைய பல்துலக்கும் பிரஷும் உளியைவிட நல்லவை, மரத்தைக் கீறாது. எல்லாம் எடுத்தபின், தயாரிப்பாளர் சொன்னபடி தண்ணீரோ டர்பன்டைனோ கொண்டு இரண்டு முறை கழுவியே ஆக வேண்டும். பல ரிமூவர்களில் ஆவியாகாமல் தடுக்க மெழுகு கலந்திருப்பார்கள். அது மரத்தில் தங்கினால், மேலே அடிக்கும் வார்னிஷ் திட்டுத்திட்டாகக் காயாமல் நிற்கும்.

கதவைக் கழற்றிக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்துத் தருகிறோம் என்பார்கள். விலை மலிவுதான். தேக்கு, ஓக் போன்ற துவர்ப்புச் சத்துள்ள மரங்கள் கருத்துவிடும், நார் எழும்பும், பழைய மூட்டுகளில் உள்ள வச்சிரப் பசை கரைந்து கதவு ஆட்டம் காணும். வேண்டாம்.

கேள்வி: தேய்ப்பதற்கு மெஷின் வைத்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

பதில்: கதவின் நடுப்பலகைக்கு ஆர்பிட்டல் மெஷின் சரி. பீடிங், மோல்டிங், ஜன்னல் சட்ட ஓரங்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கூரிய விளிம்புகள் இரண்டே நிமிடத்தில் மழுங்கும், மழுங்கியதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ப்ளைவுட் மேல் ஒட்டிய வினீர் என்றால் கையால் தேய்க்கும்போதே கவனம் தேவை. பல வினீர்கள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

கையால் தேய்ப்பதற்கு 100 அல்லது 120-ல் தொடங்கி, 150, கடைசியாக 180. ஸ்டெயின் போடப் போகிறீர்கள் என்றால் அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மரம் நிறத்தைக் குடிக்காது. ஒரு எண்ணைத் தாவினால் முந்தைய தாளின் கீறல்கள் அப்படியே நிற்கும். வெறும் மரத்தில் தெரியாது, ஸ்டெயின் பட்டதும் வரிவரியாகக் கிளம்பும். கிடையாக ஓடும் படுக்கைச் சட்டம் செங்குத்தான நெடுஞ்சட்டத்தில் போய் முட்டும் மூட்டில், முதலில் படுக்கைச் சட்டத்தைத் தேய்த்து முடியுங்கள். அப்போது நெடுஞ்சட்டத்தில் குறுக்காகச் சில கீறல் விழும். பிறகு நெடுஞ்சட்டத்தை அதன் ரேகைப் போக்கில், மூட்டுக் கோட்டைத் தாண்டாமல் தேய்த்தால் அவை போய்விடும். வளைவான மோல்டிங்குக்கு, அதே வளைவுக்குச் செதுக்கிய மரத்துண்டிலோ தடித்த ரப்பர் குழாய்த் துண்டிலோ உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் மேடு தேயும், பள்ளம் அப்படியே கிடக்கும்.

ஸ்டீல் வுல்லைத் துவர்ப்புள்ள மரத்தில் பயன்படுத்தாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: ஜன்னலின் கீழ்ச்சட்டத்திலும் ஆணிகளைச் சுற்றியும் கருநீலக் கறை. ப்ளீச்சிங் திரவம் போட்டுப் பார்த்தேன். மரம் வெளிறியதே தவிர கறை போகவில்லை.

பதில்: போகாது. அது அழுக்கோ பூஞ்சையோ இல்லை. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தான டானினும், ஆணியிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ வந்த இரும்பும், ஈரமும் ஒன்றுசேர்ந்து உண்டான நிறம் அது. பழங்காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியல்தான். ஸ்டீல் வுல்லின் துகள் மரத்தில் தங்கினால், பின்னால் நீர்வழிப் பூச்சு படும்போது புள்ளிபுள்ளியாக இதுவே நடக்கும்.

இதற்கு மருந்து ஆக்ஸாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 80 கிராம் தூள். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கரையுங்கள், உலோகம் ஆகாது. பழைய பூச்சு முழுவதும் எடுத்த வெறும் மரத்தில்தான் இது இறங்கும். கறை மேல் மட்டும் தடவினால் அந்த இடம் தனித்து வெளுத்துத் தெரியும். சட்டத்தின் ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டு வரை முழுவதும் தடவி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். தேவையானால் இன்னொரு முறை தடவலாம். பிறகு சுத்தமான நீரால் மூன்று நான்கு முறை கழுவித் துடையுங்கள். கழுவாமல் விட்டால் படிகமாகப் படிந்து, உப்புத்தாள் வைத்ததும் தூளாகப் பறந்து மூக்கையும் தொண்டையையும் எரிக்கும். இது நச்சு என்பதை மறக்காதீர்கள். கையுறை, கண்ணாடி, மாஸ்க் மூன்றும் அவசியம்; மிச்சமிருக்கும் கரைசலைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

ஆணி அங்கேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தால் கறை மறுபடி வரும். ஆணியைப் பிடுங்கிவிட்டு, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி போடுங்கள்.

கேள்வி: நிலையில் குண்டூசித் தலை அளவு துளைகள். கீழே மாவு மாதிரி விழுகிறது. கரையானா?

பதில்: கரையான் என்றால் மண்கோடு தெரியும், வெளியே துளை தெரியாது. உலர்மரக் கரையான் என்று இன்னொரு வகை உண்டு. அது மண் எடுக்காது, கசகசா மாதிரி கடினமான குருணையைச் சிறு குவியலாகத் தள்ளும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்தக் குருணைக்கு ஆறு பட்டைகள் இருக்கும். உங்களுடையது முகப்பவுடர் போல வழவழவென்ற மாவு என்றால் மரத்தை உளுக்கும் வண்டு. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் துளை என்பது வண்டு முதிர்ந்து வெளியேறிய வாசல். அது தின்பது வெளிறை, அதாவது மரத்தின் வெளிச்சுற்றிலுள்ள வெளிர் பகுதியை. வைரம் பாய்ந்த பகுதியை அநேகமாகத் தொடாது. எனவே நிலை முழுக்கப் போய்விட்டதோ என்ற பயம் வேண்டாம்.

துளை இருப்பதாலேயே வண்டும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் துளை மட்டும் பாக்கி, வண்டு என்றைக்கோ போய்விட்டது. மாவைத் துடைத்து, இருக்கும் துளைகளைப் பென்சிலால் வட்டமிட்டு, கீழே கருப்புத் தாள் விரித்து இரண்டு மாதம் பாருங்கள். கதவை அடித்து மூடும் அதிர்ச்சியில் பழைய துளையிலிருந்தும் கொஞ்சம் மாவு கொட்டும். வட்டமில்லாத புதுத்துளைதான் சரியான சாட்சி.

புதுத்துளை வந்தால் போரேட் கரைசல். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 100 கிராம். பூச்சு நீக்கிய மரத்தில் தூரிகையால் இரண்டு முறை தாராளமாகக் கொடுங்கள், துளைகளுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் செலுத்துங்கள். வார்னிஷின் மேல் தடவினால் துளிகூட உள்ளே போகாது. ஆழத்தில் இருக்கும் புழு அன்றே செத்துவிடாது என்பதால், அடுத்த பருவத்தில் ஓரிரண்டு துளை வந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். நன்றாக உலர்ந்தபின் எல்லாப் பக்கமும், கண்ணுக்குத் தெரியாத பின்பக்கம் உட்பட, பூச்சு கொடுத்துவிட்டால் புதிதாக முட்டையிட வண்டுக்குத் திறந்த துளை கிடைக்காது.

கேள்வி: குளியலறை நிலையின் கால் இரண்டும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இற்றுவிட்டன. சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். சிமென்ட் மரத்தோடு ஒட்டாது. மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும்போது இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அதில் தண்ணீர் இறங்கினால் காய வழியில்லை. மேலும் ஒரு சாண் உயரத்துக்கு இற்றுப்போக ஏற்பாடு செய்த மாதிரி ஆகும்.

மரக்கால் நுனியில் நார்களின் வாய் திறந்திருக்கும். தண்ணீர் அதன் வழியே மேலே ஏறும். பூஞ்சை வளர ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். அதற்குக் கீழே மரத்தை வைத்திருந்தால் அது இற்றுப்போவதே இல்லை. ஆக முதல் வேலை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. தரைச்சரிவு நிலைப்பக்கம் இருக்கிறதா, தரை ஓட்டுக்கும் நிலைக்கும் நடுவே விரிசலா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் மரத்தை மாற்றுவது பணத்தைக் கழிவுநீரில் விடுவது.

பிறகு கூரிய திருப்புளியால் குத்திப் பார்த்துக்கொண்டே மேலே போங்கள். மெத்தென்று இறங்குவது நின்று, குத்தினால் சிம்பு நீளமாகக் கிளம்பும் இடம் நல்ல மரம். அதற்கு மேல் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் அங்கும் இருக்கும். நேர்வெட்டாக வெட்டி முட்டவைக்காமல், பழைய காலில் பாதித் தடிமனையும் புதுத்துண்டில் பாதித் தடிமனையும் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 12 முதல் 15 சென்டிமீட்டர் ஏறும்படி பொருத்துங்கள். வெளியே தெரியும் மூட்டுக் கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் உள்ளே நிற்காது. புதுத்துண்டு அதே மரமாக, ரேகையும் அதே போக்கில் ஓடுவதாக இருக்க வேண்டும். ஓரங்களில் வேறு போக்கில் வைத்தால் பருவம் மாறும்போது மூட்டு படிக்கட்டு மாதிரி எழும்பும். ஒட்டுவதற்கு எபாக்சி, சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். இரண்டு ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டு, ஒருநாள் அசையாமல் விடுங்கள்.

தரையில் வைக்கும் முன் புதுக்காலின் அடிநுனிக்கு இரண்டு மூன்று முறை எபாக்சியை ஊறவிட்டுக் குடிக்கக் கொடுங்கள். காலைத் தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியை வளைந்து கொடுக்கும் சீலன்ட்டால் அடையுங்கள். இந்த ஒரு காரியத்தை முதலிலேயே செய்திருந்தால் பெரும்பாலான குளியலறை நிலைகள் இற்றிருக்காது.

இற்றது விரல்நுனி அளவு பள்ளம் மட்டும்தான் என்றால் மரத்தை மாற்ற வேண்டாம். மெத்தென்றிருப்பதை எல்லாம் கிளறி எடுத்து, முழுக்க உலரவிட்டு, நீர்த்த எபாக்சியை ஊறவைத்து, அதன்மேல் எபாக்சி பட்டியை நிரப்பலாம். ஈர மரத்தில் இதைச் செய்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும். எபாக்சி பட்டி ஸ்டெயின் ஏற்காது, எனவே பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கு மட்டும்.

கேள்வி: ஆணித்துளைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். பாலிஷ் போட்டதும் ஒவ்வொன்றும் பொட்டு வைத்தாற்போல் தெரிகிறது.

பதில்: பசை மரத்தூளைச் சுற்றி மூடிவிடுவதால் அதில் நிறம் ஏறாது. சுற்றிலும் வழிந்த பசையும் நல்ல மரத்தை அடைத்துவிடும். பெரிய தப்பில்லை. சிறு உளியால் கிளறி எடுத்துவிட்டு, வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஸ்டெயின், அதன்மேல் முதல் கோட் பாலிஷ். மரத்தின் இறுதி நிறம் அப்போதுதான் தெரியும். அதற்குப் பொருத்தமான நிற மெழுகுக்கட்டியையோ வண்ணப் பட்டியையோ துளையில் அழுத்தி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டு, மேலே கடைசிக் கோட்டுகளைப் போடுங்கள். அப்படியும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தால், காவிப் பொடியோ அம்பர் என்ற பழுப்பு நிறப் பொடியோ சிட்டிகை எடுத்து அவலரக்குக் கரைசலில் குழைத்து, ஓவியத் தூரிகை நுனியால் ரேகை மாதிரி இரண்டு கோடு இழுங்கள். இடையில் மெழுகு நீக்கிய அவலரக்குக் கோட் இல்லாமல் நேராகப் பாலியூரித்தேன் அடிக்கும் வேலையில் மெழுகுக்கட்டியைத் தவிர்த்து வண்ணப் பட்டியே வையுங்கள். மெழுகின்மேல் அது பிடிக்காது.

கேள்வி: நிலையின் மேல்மூலையில் 45 டிகிரிச் சேர்க்கை ஒவ்வொரு ஆண்டும் திறந்துகொள்கிறது. பட்டி வைத்தால் உதிர்கிறது.

பதில்: மரம் நீளவாக்கில் அசைவதில்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில் அசையும். 15 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகையின் ஈரம் நான்கு சதவீதம் குறைந்தால், அறுத்த விதத்தைப் பொறுத்து அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூடச் சுருங்கும். மூலைச் சேர்க்கையின் உள்முனை திறப்பது அதனால்தான். வறண்ட காலத்தில் கெட்டியான பட்டியால் அடைத்தால், ஈரக் காலத்தில் மரம் விரிந்து பட்டியை நசுக்கும், அடுத்த வறட்சியில் அது உதிரும். பாலிஷ் மரத்தில் நிறமெழுகு வைத்துவிட்டு, வேண்டும்போது மறுபடி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் மரத்தில் அக்ரிலிக் சீலன்ட் போதும். சிலிக்கான் வேண்டாம், பெயிண்ட் அதில் பிடிக்காது.

கேள்வி: நிலையைச் சுற்றியுள்ள பழைய பீடிங்கைப் பிளக்காமல் கழற்றுவது எப்படி?

பதில்: சுவரும் பீடிங்கும் சேரும் கோட்டிலும், பீடிங்கும் நிலையும் சேரும் கோட்டிலும் கூரிய கத்தியால் பெயிண்ட்டை அறுங்கள். இதை விட்டால் சுவர்ப் பூச்சு பெயர்ந்து கூடவே வரும். அகலமான பட்டித் தகட்டைச் சுவரோரம் செருகி, அதன்மேல் தட்டையான நெம்புகோலை வைத்து, ஆணி இருக்கும் இடத்துக்கு நேராக மெல்ல நெம்புங்கள். ஓரிடத்தில் இரண்டு மில்லிமீட்டர், அடுத்த ஆணியில் இரண்டு மில்லிமீட்டர் என்று நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். கழன்று வந்ததும் ஆணியை முன்பக்கமாகத் தட்டி வெளியேற்றாதீர்கள், தலை வெளியே வரும்போது மரச்சில்லைப் பெயர்க்கும். பின்பக்கத்திலிருந்து கொறடால் பிடித்து உருட்டி இழுங்கள். தலை மரத்துக்குள் வழியாகவே வந்துவிடும், முகப்பில் பழைய சிறு துளை மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் எந்த அறை, எந்தப் பக்கம், எது மேல் என்று எழுதிவையுங்கள். ஒரே அளவாகத் தெரியும் இரண்டு பீடிங்குகள் ஒருபோதும் ஒரே அளவாக இருக்காது.

கேள்வி: கடைசிப் பூச்சுக்கு அவலரக்கா, பாலியூரித்தேனா, எண்ணெயா?

பதில்: உலர்ந்த அறைகளின் நிலைக்கும் பீடிங்குக்கும் எங்கள் ஓட்டு அவலரக்குக்கே. நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடிகிற பூச்சு அது. ஜன்னல் கீழ்ச்சட்டம், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டை, சமையலறை, குளியலறை என்று தண்ணீரும் வெப்பமும் படும் இடங்களில் பாலியூரித்தேன்.

அவலரக்குக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 240 கிராம் என்பது தூரிகைக்கு ஏற்ற பதம்; துணிப்பொட்டலத்தால் தேய்த்துப் போட 120 கிராம் போதும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாட்டிலில் இரவு ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் நிறத்தைக் கருக்கும். கரைத்துப் பல மாதம் ஆன பாலிஷ் காயாமல் பிசுபிசுக்கும். சந்தேகமானால் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு மறுநாள் நகத்தால் அழுத்துங்கள். தழும்பு விழுந்தால் கொட்டிவிடுங்கள். மழைநாளில் போட்டால் வெள்ளை பூத்துக்கொள்ளும். ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. வறண்ட நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒரு முறை வருடினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பாலியூரித்தேனில் முதல் கோட்டை 10 சதவீதம் நீர்க்க வைத்து, அடுத்த இரண்டை அப்படியே அடியுங்கள். நடுவில் 320-ல் லேசான தேய்ப்பு. டப்பாவைக் குலுக்காமல் குச்சியால் கலக்குங்கள், குமிழ்கள் வராது. அடியில் அவலரக்கு இருந்தால் அது மெழுகு நீக்கிய வகையாக இருக்க வேண்டும்.

எண்ணெய் விரும்புவோர் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சரிபாதி கலந்து தடவி, 20 நிமிடத்தில் மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்தெடுங்கள். துடைக்காத எண்ணெய் மாதக்கணக்கில் பசையாக நிற்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். இது பயமுறுத்தல் இல்லை: ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேரும்போது வெப்பம் உண்டாகிறது, சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லை. வெளியே ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: பழைய பழுப்பு ஸ்கர்ட்டிங்குக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தேன். மூன்று கோட் ஆகியும் மஞ்சள் திட்டு கிளம்பிக்கொண்டே இருக்கிறது.

பதில்: முப்பது கோட் அடித்தாலும் கிளம்பும். மரத்தின் டானினும், முடிச்சுகளிலுள்ள பிசினும், பழைய ஸ்டெயினும் தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டில் கரைந்து மேலே ஏறுகின்றன. தடுக்க வேண்டியது அடியில். இருக்கும் வெள்ளையை 180-ல் தேய்த்துவிட்டு, அவலரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு கோட், முடிச்சுகள் மேல் மட்டும் இரண்டு. பிரைமர் காய்ந்தபின் அதன்மேல் ஓரடி நீளத்துக்கு மட்டும் வெள்ளை அடித்து, இரவு விட்டுப் பாருங்கள். காலையில் திட்டு தெரியவில்லை என்றால் மீதியை அடிக்கலாம். தெரிந்தால் அந்த இடத்துக்கு இன்னொரு கோட் பிரைமர்.